திமிங்கிலத்தைப் பங்கிடும் ஊர்



இந்தோனேஷியா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களுக்கு ஜாவாத் தீவும், பாலித் தீவின் நடனமும், போரோபுதூர் என்னும் பெரிய பௌத்தத் தூபியும் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாடு ஏறத்தாழ 17,000 தீவுகளைக் கொண்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரை நாம் கேட்டதே இல்லை. அத்தகைய ஒரு தீவின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றூரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். நான் அங்குச் சென்றவன் அல்லேன். சென்று பல மாதங்கள் தங்கியவர்கள் எழுதி வைத்தவற்றை ஆவலோடு படித்தவன். படிக்கப் படிக்க, அவ்வூரைப் பற்றி இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியது.

தேசப்படத்தை விரித்து, ஜாவாவிலிருந்து கிழக்கு நோக்கி விரலை நகர்த்துங்கள். பாலி, லொம்போக், சும்பாவா, புளோரஸ் என்று தீவுகள் வரிசையாக வரும். புளோரஸின் கீழை முனையைத் தாண்டினால் அடோனாரா, சோலோர் என்னும் சிறு தீவுகள்; அவற்றுக்கும் அப்பால் லெம்பாட்டா. பழைய நூல்களில் இதற்கு லொம்பிளென் என்று பெயர். எரிமலைகள் உயர்ந்து நிற்கும் தீவு இது. வடக்கே உள்ள லெவோதோலோக் மலை 2020ஆம் ஆண்டு நவம்பரில் நெருப்பைக் கக்கியபோது ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினர். தென்கரையில் 1979ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மலைச்சரிவு ஒன்று அப்படியே கடலுக்குள் சரிந்து விழுந்து பேரலையை எழுப்பியது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தத் தென்கரையில், லபாலேக்கன் மலையின் அடிவாரத்தில், லமலேரா என்னும் ஊர் இருக்கிறது. மேல் லமலேரா, கீழ் லமலேரா என்று அதற்கு இரு பகுதிகள். பாறைச் சரிவின்மேல் வீடுகள். கீழே குறுகிய மணற்கரை. கரையோரம் வரிசையாக ஓலை வேய்ந்த படகுக் கொட்டகைகள். ஊரைச் சுற்றிலும் கல்லும் பாறையுமே மிகுதி. உழுது பயிரிட நிலம் இல்லை என்றே சொல்லிவிடலாம். அம்மக்களின் முன்னோர் சுலவேசித் தீவிலிருந்து புறப்பட்டுப் பல தீவுகளில் தங்கி, இறுதியில் குடியிருந்த ஒரு தீவைக் கடல் கொண்டதால் இங்கு வந்து சேர்ந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. நல்ல நிலங்களில் எல்லாம் ஏற்கெனவே மலைவாசிகள் குடியேறியிருந்தனர். பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது இந்தப் பாறைக்கரைதான்.

கரைக்கு முன்னே விரிந்து கிடப்பது ஸாவூ கடல். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது ஒரு தீவின் பெயரே அன்றி, நம் மொழிச் சொல்லோடு அதற்கு உறவு ஏதும் இல்லை. அக்கடலில் கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றாலே ஆழம் மிகுந்துவிடும். ஆழம் இருக்கும் இடத்தில் ஆழ்கடல் கணவாய் இருக்கும். கணவாய் இருக்கும் இடத்தை நாடி ஸ்பெர்ம் திமிங்கிலம் வரும். பற்களுடைய திமிங்கிலங்களுள் மிகப் பெரியது இதுவே. வளர்ந்த ஆண் 16 மீட்டர் நீளமும் 40 டன்னுக்கு மேல் எடையும் உடையது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி, ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதன் மூச்சுத்துளை தலையின் இடப்பக்கத்தில் அமைந்திருப்பதால், அது விடும் மூச்சின் நீர்ப்புகை நேரே மேலெழாமல் முன்னோக்கிச் சாய்ந்து எழும். அந்தச் சாய்வைக் கரையிலிருந்தே கண்டு, வருவது இன்ன விலங்கு என்று லமலேரா மக்கள் சொல்லிவிடுகின்றனர். நீலத் திமிங்கிலத்தையும் அதன் இனத்தாரையும் அவர்கள் வேட்டையாடுவதில்லை. முன்னோருக்கு உதவிய இனம் அது என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த வேட்டை எவ்வளவு பழமையானது? 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த போர்ச்சுகீசிய ஆவணம் ஒன்று, இத்தீவினர் எறியீட்டி கொண்டு திமிங்கிலம் பிடிப்பதையும், அம்பர் என்னும் நறுமணப் பொருளைத் திரட்டுவதையும் குறிப்பிடுகிறது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் திமிங்கில வேட்டைக்காக இக்கடல்களுக்கு வந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே. ஆகவே, மேல்நாட்டாரைப் பார்த்துக் கற்ற தொழில் அன்று இது.

அவர்களுடைய படகுக்குத் தேனா என்று பெயர். இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல், பலகையோடு பலகையை மரமுளைகளால் இணைத்து, உள்ளே விலாச்சட்டங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அதனை அமைக்கின்றனர். வரைபடம் கிடையாது, தச்சனின் நினைவே வரைபடம். முன்னோர் வகுத்த அமைப்பிலிருந்து ஒரு பலகை மாறினாலும் படகுக்குத் தீங்கு நேரும் என்று கருதுவர். பாய் பனையோலையால் முடைந்தது. வேட்டைக் கயிறு பருத்தி நூலும், ஓலை நாரும், மரப்பட்டை நாரும் சேர்த்துத் திரித்தது; அதனைக் குலத்தின் வீட்டில் வைத்துப் போற்றுகின்றனர். ஒவ்வொரு படகும் ஒரு குலத்தின் அல்லது குலக்கிளையின் கூட்டுச் சொத்து. தனி ஒருவரின் படகு என்ற பேச்சே பழைய வழக்கில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் முதல் அக்டோபர் வரை வேட்டைக்காலம். அதற்கு லேஃபா என்று பெயர். மக்கள் கத்தோலிக்கர் ஆதலின், மே முதல் நாள் கடற்கரையில் பூசை நடத்திப் படகுகளுக்கு ஆசி கூறுகின்றனர். அதற்கு முன்மாலையில், கடலில் மாண்டவர்களுக்காக மெழுகுவத்திகளை ஏற்றிக் கடலில் மிதக்க விடுகின்றனர். பிற மாதங்களில் திமிங்கிலம் தென்பட்டால், கண்டவன் "பலேயோ!" என்று கூவுவான், அக்குரலைக் கேட்டவர் கேட்டவர் திரும்பக் கூவ, ஊர் முழுவதும் அது பரவும். தோட்டத்தில் இருப்பவனும் கூரையில் இருப்பவனும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். திமிங்கிலத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபே இது என்று கருதுவோர் உண்டு.

படகின் அணியத்தில் மூங்கிலால் கட்டிய சிறு மேடை ஒன்று முன்னே நீண்டிருக்கும். அதன் நுனியில் நிற்பவன் லமாஃபா, அதாவது எறியீட்டிக்காரன். துடுப்பு வலிப்போர் திமிங்கிலத்தின் முதுகை ஒட்டிப் படகைச் செலுத்துவார்கள். எறியீட்டி என்கிறேனே தவிர, அவன் அதனை எறிவதில்லை. மூங்கிற் கழியின் முனையில் செருகிய இரும்பைப் பற்றிக்கொண்டு மேடையிலிருந்து அவனே பாய்கிறான்! தன் உடம்பின் எடை முழுவதையும் சேர்த்து இரும்பை இறக்கிவிட்டுக் கடலில் விழுந்து, நீந்தித் திரும்புகிறான். அதன்பின் கயிறு ஓடும். ஓடும் கயிற்றில் கையோ காலோ சிக்கினால் போயிற்று. குத்துண்ட விலங்கு வாலால் அடித்துப் படகை நொறுக்குவதும் உண்டு. படகை இழுத்துக்கொண்டு கடல்நடுவே விரைவதும் உண்டு. 1994ஆம் ஆண்டில் ஒரு திமிங்கிலம் படகுகளைத் திமோர்த் தீவின் திசையில் வெகுதொலைவு இழுத்துச் சென்றது. படகுகள் அழிந்தன. உணவும் நீரும் இன்றித் தவித்த வேட்டைக்காரரைச் சுற்றுலாக் கப்பல் ஒன்று காப்பாற்றியது.

வேட்டை வாய்க்கவில்லை என்றால், அல்லது யாருக்கேனும் காயம் பட்டால், காரணத்தைக் கடலில் தேடுவதற்கு முன் கரையில் தேடுவார்கள். யார் வீட்டில் சண்டை? எந்தச் சகோதரர் பேசிக்கொள்ளவில்லை? லமாஃபாவின் வீட்டில் மனத்தாங்கல் ஏதும் உண்டா? பிணக்கைத் தீர்த்த பிறகே படகு மறுபடியும் இறங்கும். மூடநம்பிக்கை என்று நீங்கள் சிரிக்கக்கூடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் தவறினால் பத்துப்பேர் மடியும் தொழிலில், மனத்தாங்கலோடு ஒருவனைப் படகில் ஏற்றாமல் இருப்பது நல்ல அறிவுதானே?

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். திமிங்கிலம் கரைக்கு வந்துவிட்டது. இறைச்சி மலைபோலக் கிடக்கிறது. பசித்த ஊர் முழுவதும் சுற்றி நிற்கிறது. என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அங்கே கூச்சலும் இல்லை, குழப்பமும் இல்லை. அவ்விலங்கின் உடல் முழுவதும் கோடு கிழித்ததுபோல் முன்னரே பங்கிடப்பட்டிருக்கிறது. இந்தப் பகுதி இன்னாருக்கு உரியது என்பது தலைமுறை தலைமுறையாக வருவது. படகில் சென்று துடுப்பு வலித்தவர்களுக்கு ஒரு பங்கு; லமாஃபாவுக்கு ஒரு பங்கு; படகை உடைய குலத்தாருக்கு ஒரு பங்கு. இதுவரை வியப்பில்லை. ஆனால் கரையிலேயே இருந்த தச்சனுக்கும் பங்கு உண்டு. ஈட்டி முனையை அடித்துக் கொடுத்த கருமானுக்கும் உண்டு. பாய் முடைந்தவருக்கும் உண்டு. இன்னொரு பங்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இவர்கள் இங்கு வந்து குடியேறுவதற்கு முன்பே இருந்த பூர்வகுடிகளின் வழிவந்த இரண்டு குலங்கள் லமலேராவில் உள்ளன. நிலத்துக்கு உரியவர்கள் அவர்களே என்று கருதி, திமிங்கிலத்தின் தலைப்பகுதியில் அவர்களுக்கு உரிமை வைத்திருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் இடம் கொடுத்தமைக்கு இன்றும் செலுத்தப்படும் கடன் அது!

பங்கு வீட்டுக்குச் சென்ற பிறகு இரண்டாவது பங்கீடு தொடங்குகிறது. அதற்கு அளவு கிடையாது. உறவினர், அயலார், ஆண் துணையற்ற பெண்கள் ஆகியோருக்கு வீட்டுக்கு வீடு கூடையில் இறைச்சி செல்லும். இன்று கொடுத்தவர் நாளை வாங்குவார். பத்துப்பேர் சென்றால்தான் திமிங்கிலம் கிடைக்கும். ஒருவனாகச் சென்றால் சிறுமீனே கிடைக்கும். இறைச்சி ஒழுங்காகப் பங்கிடப்படும் என்ற நம்பிக்கை இல்லாவிடில் பத்துப்பேர் ஒரு படகில் ஏறமாட்டார்கள். லமலேராவில் வேட்டையைத் தாங்கி நிற்பது ஈட்டி அன்று, பங்கீடே என்பது என் கருத்து.

இதனைச் சோதித்தே பார்த்திருக்கின்றனர். மைக்கேல் ஆல்வர்ட் என்னும் அமெரிக்க மானிடவியலார் அவ்வூரில் ஒரு விளையாட்டு நடத்தினார். ஒருவரிடம் சில பொருள்களைக் கொடுத்து, "பெயர் தெரியாத இன்னொருவருக்கு இதில் எவ்வளவு கொடுப்பீர்?" என்று கேட்பது முறை. மற்றவர் ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் அவரவர் பகுதி கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. பல நாடுகளிலுமுள்ள 15 சிறு சமுதாயங்களில் இதனை நடத்தினார்கள். பெரும்பாலான இடங்களில் பணத்தை வைத்து நடத்தியதை ஆல்வர்ட் லமலேராவில் சிகரெட்டுகளை வைத்து நடத்தினார். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நூற்றுக்கு 26 பங்கு கொடுக்க முன்வந்தனர். லமலேரா மக்கள் கொடுக்க முன்வந்தது நூற்றுக்கு 58. அந்தப் பதினைந்திலும் அதுவே மிகுதி. தனக்கு வைத்துக்கொள்வதைக் காட்டிலும் முகம் தெரியாதவனுக்குக் கூடுதலாக ஒதுக்கினர். தினந்தோறும் செய்யும் தொழில் மனத்தையும் எவ்வாறு பழக்கிவிடுகிறது, பாருங்கள்.

வெளியுலகம் அவர்களுக்கு உதவவும் முயன்றது. 1973ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம், நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டை வல்லுநர் ஒருவரை நவீனக் கப்பலுடன் அனுப்பியது. ஓலைப் பாயும் மூங்கிற் கழியுமாய் உயிரைப் பணயம் வைப்பவர்களுக்குப் புது முறையைக் கற்பிக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கமே. ஆயினும் சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. தங்கள் வளத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்ற முறையை அம்மக்கள் தாமே கண்டுகொண்டிருக்கிறார்கள் என்ற கருத்தையே அதன் அறிக்கை தெரிவித்தது.

இப்பொழுது உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். திமிங்கிலம் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம் அல்லவா? அதனைக் கொல்வது தகுமா? நியாயமான கேள்வி. எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்பெர்ம் திமிங்கிலம் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதனை அருகச் செய்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். 1964ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகின் பெரும் வேட்டைக் கப்பல்கள் கொன்ற ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29,000. லமலேராவின் படகுகளுக்கு ஓர் ஆண்டில் 50 கிடைத்தால் அது பேராண்டு; விரல்விட்டு எண்ணும் அளவே கிடைத்த ஆண்டுகளும் உண்டு. வாணிபத்துக்காகத் திமிங்கிலம் கொல்வதை நிறுத்த 1982ஆம் ஆண்டில் பல நாடுகள் கூடி முடிவு செய்தன. இவர்கள் கொல்வதோ விற்றுச் செல்வம் சேர்ப்பதற்கு அன்று. 2018ஆம் ஆண்டில் சுலவேசிக்கு அருகே வாக்காதோபித் தீவுகளில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் செத்துக் கரையொதுங்கியது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 6 கிலோ பிளாஸ்டிக் குப்பையும், அதில் 115 குவளைகளும் கிடந்தன. அந்தக் குவளைகளை வீசியவர்களுள் ஒருவனாவது ஈட்டிக்காரனைப் பழிக்கத் தகுதியுடையவனா என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

2009ஆம் ஆண்டில் இந்தோனேஷிய அரசு ஸாவூ கடலில் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைக் கடற்பூங்காவாகக் காக்க முற்பட்டபோது, வேட்டை தடைப்படும் என்று லமலேரா மக்கள் அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்கள் கடற்பகுதி பூங்காவில் சேர்க்கப்படவில்லை. 2014ஆம் ஆண்டில், அவர்கள் பிடித்துவந்த மந்தா என்னும் பெருந்திருக்கையை அரசு பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்று அறிவித்தது. சட்டம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். இரண்டையும் அறிந்தவர்கள் அவ்வூரிலேயே தோன்றியிருக்கிறார்கள். இந்தோனேஷிய மொழியின் இலக்கணத்துக்கும் உரைநடைக்கும் பாடநூல்கள் எழுதிய கோரிஸ் கெராஃப் 1936ஆம் ஆண்டில் லமலேராவில் பிறந்தவர். தம் ஊர்ப் பேச்சின் சொல்லமைப்பையே ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டவர். அவ்வூரிலிருந்தே வந்த சோனி கெராஃப் 1999 முதல் 2001 வரை இந்தோனேஷியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தார்.

ஆயினும், வெளியிலிருந்து வரும் தடையைக் காட்டிலும் உள்ளிருந்து வரும் மாற்றமே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் மோட்டார் எந்திரம் பூட்டிய சிறு படகுகள் லமலேராவுக்கு வந்துவிட்டன. அவற்றை ஜோன்சன் என்று அழைக்கின்றனர். எந்திரத்தைச் செய்த கம்பெனியின் பெயர் படகுக்கு ஆகிவந்தது. தேனாவைத் திமிங்கிலம் இருக்கும் இடம்வரை அவை இழுத்துச் செல்கின்றன. துடுப்பு வலித்துக் களைத்த தோள்களுக்கு அது ஆறுதலே. யார் குறை சொல்வது? எந்திரத்தோடு நீண்ட செவுள்வலைகளும் வந்தன. இரவில் வலையை மிதக்கவிட்டு விடியலில் இழுத்துக்கொள்ள, சிலர் இருந்தால் போதும். வலையும் எந்திரமும் வாங்கியவருடையவை, மீனும் அவருடையதே. அந்த மீனில் தச்சனுக்கு எந்தப் பகுதி, கருமானுக்கு எந்தப் பகுதி, நிலம் தந்த குலத்துக்கு எந்தப் பகுதி என்று முன்னோர் எவரும் கோடு கிழித்து வைக்கவில்லை.

இந்தப் பங்கீட்டில் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. உழுவதற்கு நிலம் இல்லாத ஊர் தானியத்துக்கு எங்கே போகும் என்று சொல்லாமல் விட்டேன் அல்லவா? அது பெண்களின் பொறுப்பு. திமிங்கில இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, மூங்கிற் பந்தல்களில் தொங்கவிட்டு உப்புக்கண்டம் போலக் காய வைப்பார்கள். உருகிச் சொட்டும் எண்ணெயையும் வீணாக்காமல் பிடித்துக்கொள்வார்கள். காய்ந்த கண்டங்களைக் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து மலையேறி, உழவர் ஊர்களுக்கு நடப்பார்கள். அங்கே பணம் பேசுவதில்லை. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களான ராபர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ரூத் பார்ன்ஸும், 1979ஆம் ஆண்டு தொடங்கி அவ்வூரில் தங்கி ஆராய்ந்தபோது, இந்த மாற்றுவிலையைக் குறித்து வைத்தார்கள். ஒரு கீற்று உலர்ந்த இறைச்சிக்குப் பன்னிரண்டு மக்காச்சோளக் கதிர். அல்லது பன்னிரண்டு வாழைப்பழம். அல்லது பன்னிரண்டு துண்டு உலர்ந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அல்லது பன்னிரண்டு துண்டு கரும்பு. ரூபாயின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் கீற்றுக்குப் பன்னிரண்டுதான்.

பக்கத்து ஊரான வுலாண்டோனியில் சனிக்கிழமைதோறும் சந்தை கூடும். கடற்கரைப் பெண்கள் ஒரு பக்கம், மலைப் பெண்கள் ஒரு பக்கம் கூடைகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். ஒருத்தியின் சோளத்தை மற்றொருத்தி கண்ணால் எடை போடுவாள், ஆனால் தொடமாட்டாள். சந்தை வரியைத் திரட்டி முடித்த பிறகு அலுவலர் ஊதலை எடுத்து ஊதுவார். ஊதல் ஒலித்ததும் இரு பக்கத்தாரும் எழுந்து ஒருவரையொருவர் நாடிச் செல்ல, மீனும் கண்டமும் மலைப்பக்கம் போகும். சோளமும் வாழையும் கடற்பக்கம் வரும்.